அமைவுக் கோப்பும் அறிவுப் பகிர்வும்



உரைத்தொகுப்பியை நம் பழக்கத்திற்கேற்ப மாற்றியமைப்பது அமைவுக் கோப்பு. 1991-இல் பிராம் மோலெனார் வெளியிட்ட விம், தொடங்கும்போதே அக்கோப்பைப் படித்து அதன்படி நடக்கிறது. ஈமாக்சின் அமைவுக் கோப்போ லிஸ்ப் மொழியில் எழுதப்பட்ட நிரலே ஆகும். இவை எளிய உரைக் கோப்புகள் ஆதலால், பலர் தம் கோப்புகளைப் பொதுவில் வைத்துப் பிறர்க்கும் வழங்குகின்றனர்.

இவ்வழக்கம் தமிழ் வகுப்பறைக்கும் பயன்படும். குறியாக்கம் யூடிஎஃப்-8, உள்ளீட்டு முறை தமிழ்99 என ஈமாக்சின் அமைவுக் கோப்பொன்றில் எழுதி வழங்கினால், மாணவர் அனைவரும் ஒரே முறையில் தட்டச்சிடுவர். கோப்புகளைப் பரிமாறும்போது எழுத்துச் சிதைவும் தவிர்க்கப்படும்.

ஆயினும், பிறர் கோப்பு நம் கணினியில் இயங்கும் கட்டளைத் தொகுதி என்பதை மறத்தலாகாது. பொருளறியாது படியெடுத்தால், பிழை நேரும்போது எவ்வரியைத் திருத்துவது என அறியோம். தீய வரியொன்று நம் ஆவணங்களையே அழித்துவிடவும் கூடும். ஆகவே, வரிவரியாகப் படித்து, பொருளுணர்ந்தவற்றை மட்டுமே ஏற்போம். நம் கோப்பைப் பகிருமுன் கடவுச்சொற்களை நீக்குவோம். ஒவ்வொரு வரிக்கும் உரிய காரணத்தைத் தமிழிலேயே குறிப்பாக எழுதுவோம். அக்குறிப்புகளே அடுத்து வரும் மாணவர்க்குப் பாடமாகும்.