நான்கு ஓவியங்கள் கொடுத்த வாக்கு



பத்திரிகை ஓவியர் என்றால் கதைக்குப் படம் போடுகிறவர், அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தாங்கள் எதற்காகப் போர் செய்கிறோம் என்பதை ஒரு நாட்டு மக்களுக்கே விளங்க வைத்த பத்திரிகை ஓவியர் ஒருவரைப் பற்றிப் பேசத்தான் இன்று இங்கே நிற்கிறேன். அவர் பெயர் நார்மன் ராக்வெல்.

1941 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்களைப் பற்றிப் பேசினார். பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை. உலகத்தின் எல்லாப் பகுதிக்கும் இவை உரியவை என்றும் சொன்னார். அந்த ஆண்டின் கடைசி மாதத்தில் அமெரிக்காவே போரில் இறங்கியது. அரசு அந்த நான்கையும் துண்டறிக்கையாக அச்சிட்டுப் பார்த்தது. மக்கள் மனத்தில் ஒட்டவில்லை. ஒட்டாததில் வியப்பு என்ன? உழுகிறவனுக்கும் ஆலையில் உழைக்கிறவளுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டி, அதற்காக மகனைப் போர்முனைக்கு அனுப்பு என்றால் எப்படி அனுப்புவார்கள்?

ராக்வெல் அப்போது வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற சிற்றூரில் குடியிருந்தார். அந்தப் பக்கத்து ஊர்களில் வரி, சாலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மக்களே கூடி முடிவு செய்வார்கள். பள்ளிக்கட்டடம் பற்றிய ஒரு கூட்டத்தில், ராக்வெல்லின் பக்கத்து வீட்டு விவசாயி ஒருவர் எழுந்து ஊரே ஒப்பாத ஒரு கருத்தைச் சொன்னார். யாரும் அவரைக் கூச்சல் போட்டு உட்கார வைக்கவில்லை. இந்த நிகழ்ச்சி பிற்பாடு ஓர் இரவில் நினைவுக்கு வந்தபோது, இதுதானே பேச்சுரிமை என்று ராக்வெல்லுக்குப் பட்டது. நான்கு சுதந்திரங்களையும் நான்கு ஓவியங்களாக வரைய முடிவு செய்தார்.

அவற்றில் பேச்சுரிமை ஓவியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நடுவில் ஒருவர் நிற்கிறார். கட்டம் போட்ட சட்டை, மேலே பழைய பழுப்பு நிற மேலங்கி. அங்கிப் பையில் மடித்துச் செருகிய அறிக்கை. விவரம் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று பொருள். முன் இருக்கையின் சாய்மானத்தைப் பிடித்திருக்கும் கைகள் உழைத்துக் கறுத்தவை. சுற்றிலும் கோட்டும் டையும் அணிந்தவர்கள். அவர்கள் முகத்தைத் தூக்கி இவரைப் பார்க்கிறார்கள். நாமும் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும் கோணத்தில்தான் ஓவியர் நம்மை வைத்திருக்கிறார். வேறு கோணங்களில் வரைந்து, பிடிக்காமல் விட்டுவிட்டு, கடைசியில் கண்டடைந்த கோணம் இது. இந்த ஓவியத்துக்கு மாதிரியாக நின்றவர் அதே ஊரில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர். பேச்சுரிமை பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம். கசங்கிய சட்டைக்காரர் பேசும்போது கோட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

இந்த நான்கு ஓவியங்களின் முன்வரைவை ராக்வெல் வாஷிங்டனுக்கே எடுத்துச் சென்றார். அதிகாரிகள் ஆர்வம் காட்டவில்லை. திரும்பும் வழியில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ ஆசிரியர் பென் ஹிப்ஸ் பார்த்தார். மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை முடியுங்கள் என்றார். 1943 பிப்ரவரி 20 தொடங்கி வாரம் ஒன்றாக நான்கும் வெளிவந்தன. பிறகு, முன்பு கைவிரித்த அதே அரசு அவற்றைச் சுவரொட்டிகளாக லட்சக்கணக்கில் அச்சிட்டது. மூல ஓவியங்கள் 16 நகரங்களுக்குப் போயின. 12 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். 13 கோடி டாலருக்கும் அதிகமாகப் போர்க் கடன் பத்திரங்கள் விற்றன.

நண்பர்களே, இந்த வெற்றியைச் சொல்லிவிட்டுக் கைத்தட்டலோடு நான் இறங்கிவிடக் கூடாது. அந்த ஓவியங்கள் பேசிய சுதந்திரம் அமெரிக்காவிலேயே எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அதே காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். கறுப்பினச் சிப்பாய்கள் தனிப் படைப்பிரிவுகளில் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். இன்னொன்றையும் நாம் மறக்க முடியாது. வறுமையிலிருந்து விடுதலை என்ற ஓவியம், மேசை நிறைய விருந்தும் பெரிய வான்கோழியுமாக 1943 மார்ச் 6 அன்று வெளிவந்தது. அதே ஆண்டில் வங்காளத்தில் மக்கள் கஞ்சிக்குக் கையேந்தித் தெருவில் விழுந்து செத்தார்கள். மாண்டவர்கள் 30 லட்சம் வரை இருக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கணக்கு. அந்தப் பஞ்சத்தையும் ஓர் ஓவியர் வரைந்தார். சித்தப்பிரசாத், மேதினிபுரம் மாவட்டத்து ஊர்களுக்குச் சென்று, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் தீட்டி, ‘ஹங்ரி பெங்கால்’ என்று நூலாக்கினார். பிரிட்டிஷ் அரசு அதைப் பறிமுதல் செய்து எரித்தது.

இப்படியெல்லாம் நடந்ததால் ராக்வெல்லின் ஓவியங்கள் பொய் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். ஓர் அரசு தன் மக்களுக்கு எழுதிக்கொடுத்த கைமாற்றுச் சீட்டு மாதிரி அவை. சீட்டு கையில் இருக்கிறவன் என்றைக்காவது வாசலில் வந்து நிற்பான். 1948இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தின் முகப்புரையிலேயே அந்த நான்கு சுதந்திரங்களும் ஏறின.

ராக்வெல்லும் அந்த வாக்கை மறக்கவில்லை. கறுப்பின மக்களை வேலைக்காரர்களாக மட்டுமே வரையலாம் என்ற பழைய விதி ‘போஸ்ட்’டில் இருந்ததைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பத்திரிகையை விட்டு விலகியபின், ‘லுக்’ இதழுக்காக ஓர் ஓவியம் வரைந்தார்; 1964 ஜனவரியில் அது வெளிவந்தது. நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்கு நடந்துபோன ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ்தான் அதற்குத் தூண்டுதல். வெள்ளைக் கவுன், கையில் நோட்டும் அடிக்கோலும். முன்னும் பின்னும் காவலர்கள். அவர்களுடைய தலைகள் படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. சுவரில் யாரோ வீசிய தக்காளி வழிகிறது. முகம் தெரிவது அந்தச் சிறுமிக்கு மட்டும்.

இங்கே கூடியிருக்கும் ஆசிரியர்களிடமும் நூலகர்களிடமும் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். ராக்வெல்லின் நான்கு ஓவியங்களையும் சித்தப்பிரசாத்தின் பஞ்ச ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வையுங்கள். இரண்டும் ஒரே ஆண்டில் வெளிவந்தவை என்று கீழே எழுதி வையுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.