வாங்கும் கையும் வழங்கும் கையும்



வருவாய் ஏற்றத்தாழ்வை அளக்க ஓர் எண்ணுண்டு. எல்லார்க்கும் ஒப்பெனின் 0. ஒருவரே முழுதும் கொண்டால் 1. அரசு வாங்குமுன், வழங்குமுன், அயர்லாந்தும் சிலியும் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் 0.5ஐ ஒட்டியவை. 2017ஆம் ஆண்டில், வரியைக் கழித்து உதவித்தொகையைக் கூட்டியபின், அயர்லாந்து 0.3 அளவிற்கு இறங்கிற்று, சிலியோ 0.46இலேயே நின்றது.

செல்வர்மேல் வரியிட்டாற் போதுமென முழங்குவார் உளர். போதாது! அயர்லாந்தின் இறக்கத்திற் பெரும்பங்கு, முதியோர்க்கும் வேலையிழந்தோர்க்கும் பிள்ளைகட்கும் அரசு பணமாகவே வழங்கியதன் விளைவு. (முதியோர் பலர்க்கு அத்தொகையன்றி வேறு வருவாயே இல்லை என்பதையும் மறவற்க.)

இன்னொன்று. கடைப்பொருள்மேல் இடும் வரி இக்கணக்கிற் சேராது. அயர்லாந்தில் அன்றாடக் கோதுமை அப்பத்திற்கு அவ்வரி இல்லை. சிலியிலோ ஏழை வாங்கும் அப்பத்தின்மேலும் 19 விழுக்காடு; பெருஞ்செல்வர்க்கும் அதே 19!