கைச்சாத்தும் கணக்கும்

வன்னி நாட்டிலே காணி என்பது விற்றுப் பணமாக்கும் பொருள் மாத்திரமன்று. குடும்பத்தின் சோற்றுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் அதுவே ஆதாரம். இரணைமடு நீரை நம்பிக் காலபோகம் விதைக்கும் உழவர், விளைச்சல் பிழைத்த ஆண்டில் அக்காணியையே ஈடு வைத்துக் கடன் பெறுகிறார். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் மீளக் குடியமர்ந்தோருட் பலர் வெறுங்கையுடன் வாழ்வைத் தொடங்கினர். கடன் கொடுப்போரும் அவர்களைத் தேடி வந்தனர். அவசரத்தில் எழுதப்பட்ட பத்திரத்தைப் பலர் வாசித்துப் பார்ப்பதில்லை. “கைச்சாத்து வைத்தாயிற்று, இனிப் பேசி என்ன பயன்?” என்று வாளாவிருக்கின்றனர். இவ்வெண்ணம் பிழையானது.

முன்னாளிலே வடபுலத்தில் ஒற்றி முறை வழங்கியது. 1707ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற தேசவழமையிலும் அது இடம்பெற்றுள்ளது. கடன் கொடுத்தவர் வயலின் விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். முதலைக் கொடுத்தவுடன் வயல் உடையவரிடம் மீளும். கணக்கு இருவருக்கும் தெளிவானது. இக்கால ஈட்டுறுதியோ அத்துணை எளிதன்று. ஒருவர் இரண்டு இலட்சம் ரூபா பெற்றதாக எழுதிக்கொடுக்கிறார் எனக் கொள்க. பத்திரச் செலவு, விசாரணைச் செலவு என்று கழித்து, கைக்கு வருவது ஒரு இலட்சத்து எழுபத்தையாயிரம். வட்டியோ இரண்டு இலட்சத்துக்கும் ஏறுகிறது. ஒரு தவணை பிந்தினால் தண்டம், அத்தண்டத்துக்கும் வட்டி.

இத்தகைய கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டம் அதனை வழங்குகிறது. வட்டியோ, செலவு, தண்டம் முதலிய பெயர்களால் அறவிடப்பட்ட தொகையோ மிதமிஞ்சியதாய், கொடுக்கல்வாங்கல் கொடுமையானதாய்க் காணப்படின், நீதிமன்றம் நியாயமான தொகையை நிர்ணயிக்கலாம். மிகையாகச் செலுத்தியதைத் திருப்பிக் கொடுக்கவும் கட்டளையிடலாம்.

இன்னொரு வகைப் பத்திரம் இதனினும் ஆபத்தானது. கடனுக்கு ஈட்டுறுதி எழுதாமல், காணியை அறுதியாக விற்றதாகவே உறுதி முடிப்பிக்கின்றனர். பணத்தைத் தந்தால் திருப்பி எழுதித் தருவதாக வாய்ச்சொல் மட்டும் கூறப்படுகிறது. இங்கும் வழி முற்றாக அடைபடவில்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, சூழ்நிலைகளை ஆராய இடமளிக்கிறது. உறுதி எழுதிய பின்னரும் காணியை ஆண்டவர் யார், எழுதிய விலை உண்மைப் பெறுமதிக்கு ஒத்ததா, பின்னர் வட்டி செலுத்தப்பட்டதா என்பன நோக்கப்படும். அனுபவ உரிமையை விட்டுக்கொடுக்கும் எண்ணம் உடையவருக்கு இருக்கவில்லை எனத் துணியப்படின், வாங்கியவர் அக்காணியை அவருக்காகவே வைத்திருப்பவராகக் கருதப்படுவார்.

பத்திரத்திலுள்ள எல்லாம் வேதவாக்கல்ல என்பதைப் பிறநாட்டாரும் கண்டுள்ளனர். ஸ்பெயின் தேசத்திலே வீட்டுக்கடன் பத்திரங்கள் பல, நொத்தாரிசுக் கூலி, பதிவுச் செலவு ஆகியவற்றைக் கடனாளியின் தலையிலேயே சுமத்தின. 2015 டிசம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அத்தகைய நிபந்தனையொன்று செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அதன்பின் கடனாளிகள் பலர் வழக்கிட்டு, செலுத்திய செலவின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றனர்.

ஆயினும் கேளாதவருக்குச் சட்டம் தானாக வந்து உதவாது. வழக்கிடுதற்குக் காலவரம்பும் உண்டு. ஆதலின் கைக்கு வந்த தொகை எவ்வளவு, கழிக்கப்பட்டது எவ்வளவு என்பதை அன்றே குறித்து வைத்தல் வேண்டும். பணம் செலுத்துந்தோறும் பற்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும். உறுதி தொலைந்திருப்பின் காணிப் பதிவகத்தில் விசாரிக்கலாம். நொத்தாரிசு முடித்த உறுதியின் பிரதியொன்று அங்கே அனுப்பப்படுதல் விதியாகும். கடன் வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ பெற்றதாயின், முதலில் அந்நிறுவனத்துக்கு எழுத்திலே முறையிட்டு, தீராவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளில்லாதவர், 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இவை யாவற்றையும்விட எளிய காவல் ஒன்றுண்டு. பத்திரத்தை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து, எழுத்தறிந்த ஒருவரைக்கொண்டு உரக்க வாசிப்பித்துக் கேட்டல் வேண்டும். அதற்கு இணங்காதவரிடம் கடன் வாங்காதிருத்தலே காணியைக் காக்கும்.