திறந்திருந்த வான்வெளி

2020 ஜனவரி 8 அதிகாலையில் தெஹ்ரானிலிருந்து கீவ் நகருக்குப் புறப்பட்ட உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் சொந்தப் படையே சுட்டு வீழ்த்தியது. 176 பேரும் இறந்தார்கள். சுட்டது ரஷ்யத் தயாரிப்பான டோர்-எம்1. ராடார், எட்டு ஏவுகணைகள், இயக்கும் வீரர்கள் என எல்லாமே ஒரே சங்கிலிச் சக்கர வண்டிக்குள் அடக்கம். தாழப் பறந்து வரும் ஏவுகணை கண்ணில் பட்டால் சில நொடிகளில் சுட வேண்டும், தலைமையோடு தொடர்பு அறுந்தாலும் தனித்து நின்று போரிட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். தனித்தியங்கும் அந்தத் தன்மைதான் அன்று வினையானது.

ஈரானின் விசாரணை அறிக்கையே இதைச் சொல்கிறது. இடம் மாற்றிய வண்டியின் ராடாருக்கு வடதிசையைச் சரியாகக் குறித்துக் கொடுக்கவில்லை. நூறு டிகிரிக்கும் மேல் பிசகு. விமான நிலையத்திலிருந்து மேலேறிய விமானம், வேறு திசையிலிருந்து நகரை நோக்கி வருவதாகத் தெரிந்தது. தலைமைக்கு அனுப்பிய தகவல் போய்ச் சேரவில்லை. அனுமதி வராமலே சுட்டார்கள். ஏறத்தாழ அரை நிமிடத்தில் மீண்டும் சுட்டார்கள்.

விதியை மீறிய ஒருவரின் குற்றம்தானே என்று கேட்கலாம். குற்றம்தான். ஆனால் 1988-இல் 290 பேருடன் சென்ற ஈரான் விமானத்தை வீழ்த்திய அமெரிக்கப் போர்க்கப்பலில் கேப்டனும் இருந்தார், கணினிகளும் இருந்தன. பதற்றத்தில் திரையைப் பார்ப்பவர் எதிரியைத்தான் பார்க்கிறார். ஆகவே சுடுபவரின் நிதானத்தை நம்பிப் பயணிகளை அனுப்பக் கூடாது. ஏவுகணை வண்டிகள் சுடத் தயாராக நிற்கும் வானில் பயணிகள் விமானமே இருக்கக் கூடாது. விமானங்களை நிறுத்தினால் தாக்கப்போவது எதிரிக்குத் தெரிந்துவிடுமே என்பது வலுவான மறுப்பு. ஆனால் அன்று ஈராக்கிலிருந்த அமெரிக்கத் தளங்கள்மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. மறைக்க என்ன மிச்சம்? பதிலடி வருமென்று படை காத்திருந்தது, விமான நிலையமோ வழக்கம்போல் இயங்கியது. இதைச் சுட்ட ஒருவரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.

வானை மூடுவது முடியாத காரியமும் அல்ல. 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா படையெடுத்த அன்றே, உக்ரைன் தன் வான்வெளி முழுவதையும் பயணிகள் விமானங்களுக்கு மூடிவிட்டது.