ரிசர்வ் பாங்கின் வட்டியும் ஒரகடத்துச் சிறு பட்டறைகளும்



ரிசர்வ் பாங்கு வட்டியைக் குறைப்பதற்கும் நமக்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மோட்டார் ஆலைகள் மட்டுமன்றி, அவற்றுக்கு உதிரி பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகளும் நம் பிள்ளைகளுக்கு வேலை தருகின்றன. சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் நாட்களில், கூலியும் இரும்பு விலையும் கடனிலிருந்தே கொடுக்கப்பட வேண்டும்.

2019ஆம் ஆண்டில் தேசமெங்கும் வாகன விற்பனை சரிந்தது. அவ்வாண்டு பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரை ரிசர்வ் பாங்கு தன் ரெப்போ வட்டியை நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 10 காசு குறைத்தது. பாங்குகள் புதிய கடன்களுக்கு வாங்கிய வட்டியோ சராசரியாக 29 காசே இறங்கிற்று. மதகு திறந்தும் கடைமடைக்கு நீர் எட்டவில்லை.

கால்வாயை அடைத்த தூர் யாது? பாங்குகளுக்கு வாராக்கடன் சுமை இருந்தது. டெபாசிட்டுகளுக்கு முன்னரே ஒப்புக்கொண்ட வட்டியை அவை குறைக்க இயலாது. 2018இல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். தவணை தவறியபின் மற்ற நிதி நிறுவனங்களுக்கும் பணம் அரிதாயிற்று. பட்டறைக்காரரிடம் ஈடு காட்டச் சொத்தும் குறைவு. தொழில் மந்தமானால் அதன் மதிப்பும் தேய்ந்து, கடன் மிகவும் தேவைப்படும் வேளையிலேயே பாங்கு கையை இழுத்துக்கொள்ளும்.

விலைவாசி ஏற்றத்தை 4 சதவிகிதத்தில், 2 சதவிகிதம் கூடக் குறைய, நிறுத்த வேண்டுமென்பது 2016 முதல் ரிசர்வ் பாங்குக்குள்ள விதி. விலையையும் உற்பத்தியையும் பார்த்து வட்டியை அமைக்கும் சூத்திரத்தை 1993இல் வகுத்த அமெரிக்க அறிஞர் ஜான் டெய்லர், 2008 நெருக்கடியின்போது, சந்தைக் கடன் வட்டி விலகி உயர்ந்தால் அவ்வளவுக்கு அரசாங்க பாங்கின் வட்டியைத் தாழ்த்தலாமென யோசனை கூறினார். அதில் நியாயம் உண்டு. ஆயினும் மதகை மேலும் திறந்தால் முதல்மடை மூழ்குவதும் உண்டன்றோ? 2020 ஏப்ரலில், நிதி நிறுவனங்களுக்குக் கடன் தருவதற்கென ரிசர்வ் பாங்கு 25,000 கோடி ரூபாய் கொடுக்க முன்வந்தபோது, பாங்குகள் கேட்டது 12,850 கோடியே. பணம் இருந்தும் அச்சம் தடுத்தது.

ஆகவே தூர் வாருதலே முதற்பணி என்பது நம் கருத்து. 2019 அக்டோபர் 1 முதல், சிறு தொழில்களுக்கான புதிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டன. இதன்பின் குறைப்பு விரைந்து வந்தது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதமாக ஏறியபோது, ஏற்றமும் அவ்வாறே விரைந்து வந்தது. வாரிய கால்வாயில் மதகைச் சிறிது அசைத்தாலும் வயல் உணரும். வட்டியை நிர்ணயிப்போர் அதற்கேற்ப நிதானமாகவே அசைக்க வேண்டும்.

அளவுகோலுக்கு மேல் பாங்கு சேர்க்கும் விகிதம் எவ்வளவு என்பதைக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் நம் இளைஞர் கேட்டறிதல் வேண்டும்.