அடுக்களை ஏடும் ஆறு பருவமும்

(சேவூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழைக் காத்தல் என்றவுடன் மேடையும் பள்ளியும் நூலகமும் நினைவிற்கு வருகின்றன, அடுக்களை வருவதில்லை. தொல்காப்பியர் அவ்வாறு எண்ணினாரல்லர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றவர், கருப்பொருளை அடுக்கும்போது தெய்வத்தை அடுத்து உணாவை வைத்தார். பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நிலமும் பருவமும் உணவும் ஓர் இலக்கணத்துள் அடங்கிய மொழி இது. அவ்விலக்கணத்தைத் தேர்விற்காக உருப்போட்டு மறப்பவர் பலர். நாள்தோறும் உலைவைத்து நடத்துபவரோ சேவூர்த் தறிவீடுகளின் மூதாட்டியர். அவர்கள் செய்வதை எழுதி வைப்பார் இல்லையே என்பதுதான் இன்று பேசவேண்டிய செய்தி.

எழுதி வைத்த ஒருவர் உண்டு. மீனாட்சி அம்மாள் இளமையிலேயே கைம்மை எய்தியவர், சமையலில் கைதேர்ந்தவர். வெளியூரில் குடியேறிய உறவுப் பெண்டிர் செய்முறை கேட்டு மடல் எழுதுவர். அவர் மறுமொழி விடுப்பார். மடலுக்கு மடல் எழுதுவதினும் நூலாக்கிவிடலாமே என்று அவருடைய மாமா கிருட்டிணசாமி ஐயர் தூண்ட, 1951இல் ‘சமைத்துப் பார்’ முதற்பகுதி வெளிவந்தது. உள்ளே வடசொல் மலிந்திருப்பது மெய்தான். ஆயினும் தலைப்பைப் பாருங்கள். இரண்டு சொல், இரண்டும் தமிழ், அதுவும் ஏவல்! புலவர் பெருமக்கள் தத்தம் நூல்களுக்கு நாவில் நுழையாத வடமொழித் தலைப்புச் சூட்டிய காலமும் இருந்தது. பட்டம் பெறாத ஒரு பெண்மணிக்கு அந்நோய் இல்லை.

அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடே அடுக்களை ஏடு எழுதப் புகும் எவர்க்கும் முதற்பாடமாகும். கை அறிந்ததைச் சொல் அறியாது. “கண்ணளவாகப் போடு” என்று தாய் மகளுக்குச் சொல்லலாம். தாயின் கையை மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொலைவிலிருந்து மடல் எழுதுபவளுக்கு ஆழாக்கும் உழக்கும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. 1956ஆம் ஆண்டு அளவைச் சட்டத்திற்குப் பின் கிலோவும் லிட்டரும் கடைக்கு வந்தன. கடைக்கு வந்தது குற்றமன்று. ஆழாக்கு என்ற சொல்லே பேரப்பிள்ளைகட்கு விளங்காமற் போனதுதான் இழப்பு.

ஆனால் அளவு மட்டும் எழுதினால் போதுமா? போதாது. பருவத்தையும் உடன் எழுதவேண்டும் என்பதை ஓராண்டு முழுதும் ஏடு எழுதுபவர் தாமே கண்டுகொள்வர். எடுத்துக்காட்டாக, சோறு. தைத்திங்களாகிய சுறவத்தில் வரும் புதுநெல்லின் அரிசிக்கு உலைநீர் குறைவாகவே வேண்டும். பழைய அரிசி வைத்த அளவே வைத்தால் குழைந்து களியாகிவிடும். ஆரணி வட்டாரம் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. இங்குள்ளோர்க்கு இதனைச் சொல்லத் தேவையில்லை. எழுதினால்தான் சென்னையிலிருப்பவர்க்குத் தெரியும். புளியும் அவ்வாறே. மாசி பங்குனியில் உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையில் அமுக்கி வைத்த புளி, அடுத்த ஆண்டு கறுத்து வேறொன்றாகிவிடும். ‘எலுமிச்சை அளவு புளி’ என்று நூல் சொல்லும். எந்தத் திங்களில்? புதுப்புளியா, பழம்புளியா? அளவின் பக்கத்தில் திங்களை எழுதாத குறிப்பு அரைக் குறிப்பே.

இனிச் சேவூருக்கே உரிய ஒரு பருவம் உண்டு. அது கூதிர். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும். சில வீடுகளில் நீரே நிற்கும். தெருவில் பாவு விரிக்க முடியாது. வெயில் முகம் காட்டாவிடின் பாவுக்கு ஊட்டிய கஞ்சி உலராது. தறி நின்றால் கூலி நின்றது. கூலி நின்றால் காய்கறிக் கடைக்குப் போகும் கால் நின்றது. அந்நாளில் குடும்பத்தை நடத்தியது எது? முதுவேனிலில் உலர்த்திய வற்றல்; சித்திரையில் உதிர்ந்ததைப் பொறுக்கி வைத்த வேப்பம்பூ; பானைப் புளி; ஒரு கைக் கொள்ளு; துவையலுக்கு உப்பும் காய்ந்த மிளகாயும்; சளிக்கு மிளகுச்சாறு. வெயிலில் உழைத்த பெண்ணே மழையில் சோறிட்டாள். ‘வற்றல்’ என்பதை ஏதோ நாவின் நயத்திற்காகச் செய்வது என்று நகரத்தார் எண்ணுகின்றனர். நெசவாளர் வீட்டில் அது சேமிப்பு. காசாக இல்லாத சேமிப்பு. பாவிற்கும் கஞ்சி, வயிற்றிற்கும் கஞ்சி என இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதைச் சேவூரார் கவனித்ததுண்டோ? அரிசி குறைந்த நாளில் எதற்கு முதலில் ஊற்றுவது என்ற கேள்வி எழுந்த வீடுகளும் இருந்திருக்கும். இச்செய்தியைச் செய்முறை நூல் எதுவும் சொல்லாது. திங்கள்தோறும் எழுதிய வீட்டேடுதான் சொல்லும்.

மற்றப் பருவங்களைச் சுருங்கச் சொல்லலாம். ஆடியில் அம்மன் கோயில்தோறும் கூழ்: கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, நொய் வேகும்போது ஊற்றித் துழாவி, ஆறியபின் மோரும் வெங்காயமும் சேர்ப்பது; தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். பனிக்காலத்தில் பச்சை மொச்சை, அவரை, துவரை, பனங்கிழங்கு. வேனிலில் மாங்காய், வெள்ளரி, நுங்கு, மோர்.

பெயர்களைப் பற்றித் தனித்தமிழன்பர் சிறிது நின்று எண்ணவேண்டும். மிளகாய் தமிழ்நாட்டுப் பொருளன்று, அமெரிக்க நிலத்தது, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழி வந்தது. அதற்கு முன் உறைப்புக்கு மிளகே. புதிய காயைக் கண்ட தமிழ்ப்பெண்டிர் அயற்பெயரை இரவல் வாங்கவில்லை. மிளகுபோல் உறைக்கும் காய் மிளகாய் என்றனர். தக்காளி என்பது முன்பே இங்கிருந்த சிறுபழத்தின் பெயர்; கடல் கடந்து வந்ததைச் சீமைத்தக்காளி என்றனர்; பின்னர்ச் சீமை உதிர்ந்தது. கலைச்சொல்லாக்கக் குழு கூடவில்லை, தீர்மானம் எழுதவில்லை, அடுப்படியில் முடிந்துவிட்டது. இன்று குழம்பைக் ‘கிரேவி’ என்றும் வறுவலை ‘ஃபிரை’ என்றும் உணவகப் பலகை எழுதுகிறது. மிளகாய்க்குப் பெயர்வைத்த இனம் குழம்புக்குப் பெயரின்றித் தவிக்கிறதாம்! கறி, கஞ்சி, மிளகுத்தண்ணீர் ஆகிய மூன்றையும் ஆங்கிலர் தம் மொழிக்குள் கொண்டுபோய், 1886இல் வெளிவந்த ஆப்சன்-சாப்சன் அகரமுதலியில் பதிந்தும் வைத்தனர் என்பதைப் பலகை எழுதுவோர் அறியார்.

மறுபுறம் ஒன்றும் சொல்லவேண்டும். இவ்வட்டாரத்தார் நிலக்கடலையை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பது மருவி மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையாயிற்று. தென்னமெரிக்கக் கடலைக்குப் பிலிப்பைன் நாட்டுத் தலைநகரின் பெயர்! ஏட்டில் இதனை அடித்துத் திருத்தும் ஆர்வம் சிலர்க்கு எழக்கூடும். திருத்தற்க. 19ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டுப் புன்செய்களில் விளைந்து, புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சின் மார்சேய்க்கு எண்ணெயாலைகளை நாடிக் கப்பலேறிய பயிர் அது. அவ்வரலாறு அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நிலக்கடலை என்றும் எழுதுக. (வேர்க்கடலை என்பது அவ்வளவு பொருந்தாது, அது வேரில் காய்ப்பதன்று, பூத்தபின் காம்பு மண்ணுள் இறங்கிக் காய்ப்பது.) பாட்டி சொன்ன சொல்லை முதலில் அவள் சொன்னபடியே எழுதுவதே நேர்மை, தூய்மை செய்வது அடுத்த வரியில்.

ஏட்டில் எழுதாமலே பிழைத்த சொற்களும் உண்டே என்பர். உண்டு. மணிமேகலையில் பயற்றால் ஆக்கும் கும்மாயம் வருகிறது. 9ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு இறைவனுக்குப் படைக்கும் புளிங்கறி, பொரிக்கறி, புழுக்குக்கறி என வகைபிரித்துப் பேசுகிறது. இவற்றுள் புழுக்குக்கறி என்றால் இன்று எந்த உணவகத்திலும் விழிப்பர். கும்மாயமோ செட்டிநாட்டில் இன்றும் கிண்டப்படுகிறது. இனிப்பாக மாறிவிட்டது, ஆயினும் பெயர் மாறவில்லை. அங்கே அதன் முழுப்பெயர் ஆடிக்கும்மாயம். பருவத்தின் பெயரோடு கட்டிவைத்ததால் ஆண்டுதோறும் அத்திங்கள் வந்து அச்சொல்லை எழுப்பிவிட்டுச் செல்கிறது.

சேவூர் அடுக்களைகளில் அவ்வாறு எழுப்பப்படாமல் உறங்கும் சொற்கள் எத்தனை என்று எண்ணுதற்கு இப்போதைக்கு ஏடு இல்லை. கூதிர் வருகிறது, தறி நிற்கும் நாட்கள் வரும். நாற்பது பக்கக் கோடிட்ட சுவடியும் எழுத்தறிந்த ஒரு பேத்தியும் எவ்வீட்டிலும் உண்டு. பாட்டி வற்றல் பானையின் மூடியைத் திறக்கும்போது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியில் திங்களையும் இரண்டாம் வரியில் மழையையும் குறித்துவிட்டு, “இதற்கு என்ன பெயர், ஆயா?” என்று தொடங்கலாம்.