12 வோல்ட்தானேன்னு விட்டுடாதீங்க

கரன்ட் போனா அப்பார்ட்மென்ட் ஜெனரேட்டர் ஓடணும். அதுக்குப் பேரல்ல இருந்து டீசல் ஏத்த ஒரு குட்டி பம்ப் வெச்சிருப்பாங்க. பேட்டரியில ரெண்டு கிளிப் மாட்டினா ஓடும். இன்னிக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

“12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது”ன்னு நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். அது சரிதான். ஆனா இங்கே ஆபத்து ஷாக் இல்லை, தீப்பொறி. 150 வாட்ஸ் பம்ப் 12 ஆம்பியருக்கு மேல இழுக்கும். ஓடும்போது கிளிப்பைப் பிடுங்கினா பொறி பறக்கும். சாதாரண மோட்டாருக்குள்ளயும் கார்பன் பிரஷ் உரசுற இடத்துல பொறி வந்துக்கிட்டே இருக்கும்.

அந்தப் பொறிக்குப் பக்கத்துல என்ன ஆவி இருக்கு என்பதுதான் கேள்வி. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். அது காற்றைவிடக் கனம், பேஸ்மென்ட் தரையோட படர்ந்து நிற்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே போதும். அதனால டீசல் பம்ப்ல பைக் பெட்ரோலை எடுக்கவே கூடாது. பெட்ரோலுக்குன்னே செஞ்ச ஃப்ளேம்ப்ரூஃப் பம்ப் வேணும்.

அப்போ டீசல்னா பயமில்லையா? நம்ம நாட்டுத் தரப்படி டீசலோட ஃப்ளாஷ் பாயின்ட் குறைஞ்சது 35 டிகிரி இருக்கணும், அவ்வளவுதான். சென்னை மே மாசத்துல வெயிலே 40-ஐத் தாண்டுது. வெயில்ல கிடந்த பேரல் எவ்வளவு சூடா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பேரலை நிழல்ல வைங்க, காத்தோட்டமான இடத்துல ஏத்துங்க.

வரிசை முக்கியம். முதல்ல பம்ப் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. பேரல் மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கிளிப்பை மாட்டிடுங்க. சிவப்பு முதல்ல, கறுப்பு கடைசியா. ஒயர் எட்டுற அளவுக்குப் பேட்டரியைத் தள்ளி வைங்க. முடிஞ்சதும் ஸ்விட்ச் ஆஃப், அப்புறம் மூடி, அதுக்கப்புறம்தான் கிளிப். பாசிட்டிவ் ஒயர்ல, பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் இருக்கணும். ஒயரை முறுக்கி டேப் ஒட்டி நீட்டாதீங்க.

பல இடங்கள்ல இந்த வேலையைச் செய்றது செக்யூரிட்டி அண்ணன்தான். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாங்க. அவசரம்னு பைக் பெட்ரோலை எடுக்கச் சொல்றது நம்மள்ல ஒருத்தர், பொறிக்குப் பக்கத்துல நிற்கிறது அவர். இந்த வாரம் கீழே இறங்கி, அந்த பம்ப்ல என்ன எழுதியிருக்குன்னு அவரோட சேர்ந்து படிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.